அக்கா தட்டிப் பார்த்த படகு

ரிக் கேம்ப், ஜபல்பூர் பக்கம்
3.2.2025

அன்புள்ள அக்கா குப்பாயிக்கு,

தம்பி தீனதயாளன் இங்கே உயிரோடும் முதுகுவலியோடும் இருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் போட்டால் "ஆங், ஆங்" என்கிறாய். அது என் பேச்சுக்கா, தறிச் சத்தத்துக்கா என்று எனக்குப் புரிவதில்லை. முப்பது வருஷத் தறி உன் காதைத் தின்றுவிட்டது. உன் பட்டன் போனில் தமிழும் வராது. அதனால்தான் கடிதம்.

அக்கா, நான் பயந்துபோயிருக்கிறேன். போன மாதம் போர்வெல் துளைக்கும்போது இரும்பு ராடு கழன்று, என்னோடு வேலை பார்த்த நம் தமிழரசு இடுப்பில் விழுந்துவிட்டது. கொளத்தூரில் அவன் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்திருக்கிறார்கள். இனி நடக்கமாட்டானாம். அவன் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். கம்ப்ரஸரைப் போட்டதும் கண் மேலே ராடுக்கே போகிறது. இன்னும் ஒரு வருஷம் இங்கே இருந்தால் என்னையும் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள்.

அதனால் ஊருக்கே வந்து மீன் பிடிக்கலாம் என்றிருக்கிறேன். சிரிக்காதே. போன மழைக்காலத்தில் இங்கே ஓர் அணைக்கரையில் இரண்டு மாதம் கிடந்தோம். மீன்காரர்களோடு தினமும் போய்ப் பழகினேன். புதுப் படகு நமக்குக் கட்டுப்படியாகாது. பூலாம்பட்டியில் பொன்னன் என்பவர் பழைய ஃபைபர் படகு ஒன்றை விற்கிறாராம். எனக்காக நீ போய்ப் பார்க்க வேண்டும். பெயின்டைப் பார்த்து மயங்காதே. பழைய படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். இன்ஜின் மாட்டும் பின்பலகையைக் கட்டைவிரலால் அழுத்து. உள்வாங்கினால் உளுத்துவிட்டது என்று அர்த்தம். படகைக் கவிழ்த்துப் போடச் சொல்லி அடிப்பக்கம் முழுக்கக் காசால் தட்ட வேண்டும். கணீரென்றால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு வித்யாவைக் கூட்டிக்கொண்டு போ. அவள் கேட்டுச் சொல்லட்டும்.

எனக்கு நீச்சல் தெரியாது என்று அவர்களிடம் சொல்லிவிடாதே.

உன் தம்பி,
தயாளன்

எடப்பாடி
17.2.2025

என் சாமி தயாளனுக்கு,

அக்கா நன்றாக இருக்கிறேன் என்று எழுத ஆசைதான். உன் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. உனக்கு வேறு பிழைப்பே தோன்றவில்லையா? நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்குப் போனால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்கள்? நம் சனத்தில் யார் ஆற்றில் இறங்கிப் பிழைத்தார்கள்? ரிக்கில் ராடு என்கிறாய். அது ஒரு நாள் விழலாம், விழாமலும் போகலாம். ஆறு தினமும் உன் காலுக்குக் கீழேயே இருக்குமே. கண்ணை மூடினால் அது உன்னை இழுத்துக்கொண்டு போகிறது.

ஆனாலும் நீ சொல்லிவிட்டாயே என்று நேற்று ஞாயிற்றுக்கிழமை பூலாம்பட்டிக்குப் போனேன். வித்யாவுக்குப் பரீட்சை. தனியாகத்தான் போனேன். கண்டக்டர் மூன்று தடவை கத்தினாராம். எனக்குத் தெரியவில்லை. ஊரைத் தாண்டி இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன். தடுப்பணையில் தண்ணீர் ரொம்பி நிற்கிறது, பார்த்ததும் நாலடி தள்ளியே நடந்தேன். பொன்னனும் அவர் சம்சாரம் பாப்பாயியும் தங்கமான மனுஷர்கள். மோர் கொடுத்தார்கள். கேட்காமலேயே படகைக் கவிழ்த்துக் காட்டினார்கள்.

நீ எழுதியபடியே காசால் தட்டிப் பார்த்தேன் சாமி. பின்பக்கம் மந்தமாகக் கேட்டது. இரண்டு மூன்று இடத்தில் அப்படித்தான் கேட்டது. அந்தப் படகு ஆகாது. படகு என்கிற எண்ணத்தையே விட்டுவிடு.

வேளைக்குச் சாப்பிடு. ராடு பக்கம் தள்ளியே நில்.

உன் அக்கா,
குப்பாயி

ரிக் கேம்ப்
3.3.2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மந்தமாகக் கேட்டது என்று நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். சரி. பொன்னன் படகு வேண்டாம்.

கொளத்தூர் பக்கத்துப் பண்ணவாடியில் தமிழரசுவின் மச்சான் மூலமாக வேறொரு படகு அமைந்துவிட்டது. போனில் படம் அனுப்பினான். நீலப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. பேசி முடித்துவிட்டேன். நீ அலைய வேண்டாம், யாரும் தட்டிப் பார்க்கவும் வேண்டாம். 12ஆம் தேதி இங்கிருந்து கிளம்புகிறேன். நேராகக் கொளத்தூரில் தமிழரசு வீட்டில் இறங்கி, அங்கிருந்தே தொழிலைத் தொடங்கிவிடுவேன். நம் ஊட்டுக்கு அப்புறம் வாரேன்.

தயாளன்

எடப்பாடி
10.3.2025

தயாளா, என் சாமி,

நீலப் பெயின்ட் என்று படித்ததும் தறியை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். வித்யாவை விட்டு நாலு தடவை போன் போடச் சொன்னேன். நீ எடுக்கவில்லை. இந்தக் கடிதம் போய்ச் சேருவதற்குள் நீ கிளம்பிவிடுவாய் என்றும் தெரிகிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பொய் சொன்னேன். பொன்னன் படகில் ஒரு குறையும் இல்லை. பாப்பாயி காசால் தட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கூடவே உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காது செத்த தறிக்காரி கட்டையில் கை வைத்துத்தானே கோளாறைக் கண்டுபிடிக்கிறாள்? படகின் மூக்கிலிருந்து பின்பலகை வரைக்கும் ஒரே அதிர்வு. கட்டைவிரல் வலிக்க அழுத்தினேன், பலகை கல் மாதிரி இருந்தது. நல்ல படகு என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததும்தான் பயம் பிடித்துக்கொண்டது. இது நல்ல படகு என்று எழுதினால் நீ ஏறிவிடுவாயே. மந்தம் என்று எழுதினால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன். உன்னை இன்னொரு படகுக்குத் தள்ளிவிடுவேன் என்று இந்த மடச்சிக்குத் தோன்றவில்லை.

பண்ணவாடிப் படகைத் தட்டிப் பார்க்காமல் ஏறாதே. நீ வந்திறங்கியதும் கொளத்தூருக்கு நானே ஓடி வருவேன். என்னை அடி, திட்டு. அதில் மட்டும் ஏறிவிடாதே.

குப்பாயி

கொளத்தூர்
27.3.2025

அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உனக்குக் காது கேட்காது என்று எனக்குத் தெரியாதா? நீ தனியாகப் போய், தட்டி, மந்தமாகக் கேட்டது என்று எழுதியபோதே பொய் என்று புரிந்துவிட்டது. நான் ராடுக்குக் கீழே செத்தாலும் பரவாயில்லை, உன் பயம் தீர்ந்தால் போதும் என்று நினைக்கிறாயே என்று கோபம். அந்த வீம்பில்தான் நீலப் படகை முடித்தேன். பெயின்டைப் பார்த்து மயங்காதே என்று உனக்கு எழுதியவனே நான்தான். வந்து பார்த்தபோதும் தட்டவில்லை. தட்டினால் என்ன தெரிந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயம் இருந்தது.

நீ இங்கே தேடி வந்த அன்று நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். வெளியே போய்விட்டான் என்று சொல்லச் சொன்னது நான்தான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று "ஏறாத சாமி, ஏறாத சாமி" என்று நீ சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது. நான் இருமினேன். அது உனக்குக் கேட்கவில்லை. ஏறாதே என்பதும் இன்னொரு பொய்தான் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் நடு நீரில் பின்பலகை இன்ஜினோடு சேர்ந்து பிய்ந்துகொண்டது. ஊறிய ரொட்டி மாதிரி வந்துவிட்டது அக்கா. கணுக்கால் நனைந்தது, அடுத்த நிமிஷம் இடுப்பு. அப்புறம் மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. பரிசல்காரர்கள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். இன்னும் குளிக்க வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்ற முடியவில்லை. மூச்சு நின்றுவிடுகிறது.

ரிக் முதலாளி ஆள் அனுப்பினார். இடம் காலியாகத்தான் இருக்கிறதாம். புதன்கிழமை திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கிளம்புகிறது. போகிறேன். கட்டிலில் கிடக்கிற தமிழரசு என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். வழியனுப்ப வராதே. உன்னைப் பார்த்தால் வண்டி ஏற முடியாது.

தயாளன்

எடப்பாடி
30.3.2025

தயாளா,

இதைப் பொன்னன் கையில் கொடுத்தனுப்புகிறேன். போன கடிதம் நீ கிளம்புவதற்குள் வந்து சேரவில்லை, தபாலை நம்ப எனக்கு இப்போது தைரியமில்லை.

கதவுக்குப் பின்னால் நீ இருந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. என் வார்த்தையை நீ நம்பவில்லை, அதற்கு நான்தான் காரணம். அதனால் இந்தத் தடவை வார்த்தையை விட்டுவிட்டேன். இன்று காலை பூலாம்பட்டிக்குப் போய்ப் பொன்னன் படகில் ஏறினேன். பாப்பாயி துடுப்புப் போட்டாள். எதிரே நெரிஞ்சிப்பேட்டைக் கரை வரைக்கும் போய்த் திரும்பினோம். போகும்போது வாந்தி எடுத்தேன். வரும்போது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் முகத்துக்கு நேராகத் திரும்பி, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள்: "பயப்படறவங்கதானுங்க பத்தரமா ஓட்டுவாங்க." பொன்னன் பத்து நாள் உன்னைக் கூடவே கூட்டிப்போய்ப் பழக்குகிறேன் என்கிறார். உனக்கு நீச்சல் தெரியாது என்பதைச் சொல்லிவிட்டேன். திட்டிக்கொள். லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏற்றமாட்டாராம்.

படகை உன் பேருக்கு முடித்துவிட்டேன். என் காதில் கம்மல் இல்லையே என்று கேட்காதே. கேட்காத காதுக்குக் கம்மல் ஒரு கேடா?

பயம் போய்விட்டது என்று எழுதினால் அது மறுபடியும் பொய். நீ ஆற்றுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் நான் கரையில் பயந்துகொண்டுதான் நிற்பேன். அது என் பாடு. உன்னை அதற்காக ராடுக்குக் கீழே நிறுத்தமாட்டேன்.

புதன்கிழமை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்பே திருச்செங்கோட்டுக்கு வந்துவிடுவேன். நீ வராதே என்றாலும் வருவேன். போவதென்றால் போ சாமி, பிடித்து இழுக்கமாட்டேன். ஆனால் வண்டி மேல் நின்றுகொண்டு கையை ஆட்டிச் சொல்லாதே. எனக்குக் கேட்காது. இறங்கி வந்து, என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போ.

உன் அக்கா,
குப்பாயி