துரைக்காக இறங்காத சைக்கிள்

என் செல்லத் தம்பி முருகையாவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாயடா. இதைக் கேட்க நீ இல்லையே என்றுதான் வயிறு எரிகிறது.

ரப்பர் தோட்டத்துப் பாதையில் நம் வெள்ளைக்காரத் துரையின் கார் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி, தோள் துண்டை எடுத்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு நீ இறங்கவில்லை. துரை காரை நிறுத்திப் பிரம்பால் உன்னை விளாசியதைப் ரப்பர் பால்வாளியோடு நின்று நான் பார்த்தேன். "இறங்கணும்னு எந்தச் சட்டத்துலக்கா எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, ரத்தம் காயுமுன் செமோர் போலீஸில் புகார் கொடுத்தாய்.

வழக்கு வருவதற்குள் குளிர்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கருமாதி முடிந்த கையோடு கங்காணி வந்தார்.

"புகார் குடுத்தவனே போயிட்டான், இனி யாரு கேக்கப் போறா? பேசாம வேலையப் பாரு தாயி. தோட்டம் குடுத்த லயத்து வீட்டுல இருக்கணுமில்ல?"

"நான் கேக்குறேன்" என்றேன். என் குரல்தானா அது?

ஈப்போ கோர்ட்டில் ஒரு கூத்து. துரை உள்ளே நுழைந்ததும், பெஞ்சில் இருந்த நம் சாட்சிகள் அத்தனை பேரும் விருட்டென்று எழுந்துவிட்டோம். ஆண்கள் துண்டைக்கூட எடுத்துவிட்டார்கள். நானும்தான் எழுந்தேன், பாழாய்ப்போன கால்! மொழிபெயர்க்க இருந்த தமிழர், "உக்காருங்க. இங்க மாஜிஸ்திரேட்டுக்கு மட்டுந்தான் எந்திரிக்கணும்" என்றார். பிறகு துரையை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போய்க் கூண்டில் நின்றார். நான் உட்கார்ந்தபடியே பார்த்தேன், தம்பி.

புகார் கொடுத்தவனே இல்லை, வழக்கைத் தள்ளுங்கள் என்றார் அவருடைய வக்கீல். அடித்ததைப் பார்த்தவள் இருக்கிறாளே என்றார் மாஜிஸ்திரேட். அவரும் வெள்ளைக்காரர்தான். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். துரை குற்றவாளி என்று தீர்ப்பானது. சாட்சி சொன்னவர்களை லயத்தைவிட்டுத் துரத்தினால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று துரையை எச்சரித்தும் அனுப்பினார்.

எல்லா மாஜிஸ்திரேட்டும் இப்படி இருப்பார்களா? ஒருவர் நல்லவராக இருப்பதை நம்பியா நாம் பிழைப்பது? சர்க்கார் எழுதிய சட்டத்தைச் சர்க்கார்தான் காக்க வேண்டும், துரைக்கும் நமக்கும் ஒன்றுபோல. அது தூங்கினால் நான் போய்க் கதவைத் தட்டுவேன்.

இப்போது உன் சைக்கிளை ஓட்டிப் பழகுகிறேன். லயமே சிரிக்கிறது. முழங்கால் தோல் உரிந்துவிட்டது. என்றாவது அந்தப் பாதையில் துரையின் கார் எதிரே வரும். அன்று விழுந்தாலும் விழுவேன், இறங்க மாட்டேன்.

உன்னோடு பிறந்தவள்,
அக்கா காளியம்மா