தந்தையின் தொழில்: சுண்ணாம்புத் தொட்டி

ரெஜினா அப்பா,

இன்று காலை உதவித்தொகை விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தோல் பதனிடும் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் படிப்பதற்காக அரசு தருகிற தொகை, உங்களுக்குத் தெரியாததா. 'தந்தையின் தொழில்' என்ற கட்டம் வந்ததும் கை நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக டேனரிச் சுண்ணாம்பு வாடை வந்தது. ஆம்பூரில் அது எப்போதும் வருவதுதான், ஆனாலும் நீங்களே வாசலில் வந்து நிற்பது போல இருந்தது. நீங்கள் போய் ஒரு மாதம்தான் ஆகிறது.

நான் இந்தப் பள்ளிக்கு டீச்சராக வந்த புதிதில், டேனரி வாடையே இல்லாத சத்துவாச்சாரியில் வளர்ந்தவள் என்ற மிதப்பில், முதல் வாரம் முழுக்கப் புடவைத் தலைப்பை மூக்கிலேயே வைத்திருந்தேன். என் ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டைப் புரட்டினால் அத்தனை அப்பாக்களும் 'ஷூ கம்பெனி'. டேனரியில் வேலை செய்பவர்கள்கூடப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்வார்கள், பிள்ளையை யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதே என்று. எனக்கு அது தெரியாது. நீங்கள் ஒருவர்தான் உள்ளதை உள்ளபடி எழுதவைத்திருந்தீர்கள்: தோலை ஊறவைத்துக் கழுவும் சுண்ணாம்புத் தொட்டி.

அந்த வருட உதவித்தொகை விண்ணப்பக் கட்டோடு வகுப்புக்குப் போனேன். "தோல் கழுவுற வேலை செய்யறவங்க பிள்ளைங்க எழுந்திருங்க" என்றேன். ஒருவரும் எழவில்லை. நல்லது செய்ய வந்தால் இப்படியா என்று எனக்கு ஆத்திரம். "ரெஜினா, உங்கப்பா அந்த வேலைதானே?" என்று கேட்டே விட்டேன். அவள் எழுந்து நின்றாள். பின்வரிசையில் ஒருத்தி மூக்கைப் பிடிக்க, வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேரின் அப்பாக்கள் உங்களோடு அதே தொட்டியில் நின்றவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ரெஜினா வரவில்லை. நான்காம் நாள் நீங்கள் வந்தீர்கள். உள்ளே கூப்பிட்டேன். "இருக்கட்டும் டீச்சர், வேலைலேர்ந்து அப்படியே வர்றேன்" என்று கதவருகிலேயே நின்றுகொண்டீர்கள். நகங்களெல்லாம் சுண்ணாம்பில் தேய்ந்திருந்தன.

"இஸ்கூலுக்கு வர மாட்டேன்றா. அவங்க அத்தை வூட்ல ஷூ தைக்கிறாங்க, அங்கியே ஒக்காந்துடறேன்றா."

சண்டைக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து நானும் பதிலுக்குத் தயாராக நின்றேன். நீங்களோ விண்ணப்பத்தைக் கேட்டீர்கள். "இன்னா எழுதியிருக்குது, படிச்சுச் சொல்லுங்க."

சுத்தமில்லாத தொழில் செய்பவர் என்று அதில் இருந்தது. படிக்கும்போது என் குரல் இறங்கிப்போனது. நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

"நாள் பூரா தோல்ல இருக்கிற அழுக்கைத்தான் டீச்சர் எடுக்கிறேன். அதுக்கு இந்தப் பேரா?"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனீர்கள்.

திங்கட்கிழமை ரெஜினா வந்தாள். விண்ணப்பம் வரவில்லை, கடைசித் தேதியும் போய்விட்டது. அடுத்தடுத்த வருடங்களிலும் அதே கதைதான். சர்க்கார் கொடுப்பதையே வேண்டாம் என்கிற வீம்பு என்று ஆசிரியர் அறையில் உங்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வழியில் பார்க்கும்போதெல்லாம், "ஓ.டி. ஜாஸ்தி கெடைக்குது டீச்சர், படிப்பு நிக்காது" என்பீர்கள். கூடுதல் நேர வேலையில் கண்கள் சிவந்திருக்கும். அதையும் வீம்பில்தான் சேர்த்தேன்.

போன மாதம் துக்கத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். ரெஜினா இப்போது ராணிப்பேட்டையில் நர்ஸ். கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டாரு டீச்சர். நான்தான் கிழிச்சுப் போட்டேன். அந்தத் துட்டு வந்தா இஸ்கூலுக்கே போக மாட்டேன்னு சொன்னேன். ஒரு வார்த்தை திட்டல. மறுநாளே ஓ.டி. கேட்டு வாங்கிட்டாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னாள். "உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னாரு. டீச்சர் புதுசு, தன்னாலதான்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவாங்க, வேற ஊருக்கு மாத்திக்கிட்டுப் போய்டுவாங்கன்னாரு."

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். என் வாய் செய்த வேலைக்கு நீங்கள் இத்தனை வருடம் கூடுதலாகத் தொட்டியில் நின்றிருக்கிறீர்கள். நான் அதற்கு வீம்பு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இப்போது நான்தான் தலைமை ஆசிரியை. வகுப்பில் பட்டியல் படிக்க யாரையும் விடுவதில்லை, பெற்றோரைத் தனித்தனியாகப் பார்த்துத்தான் பேசுகிறோம். இந்த வருடமும் டேனரியில் நிற்கிற ஒரு அப்பா, "ஷூ கம்பெனின்னே போட்டுக்குங்க மேடம், வேற ஒண்ணும் வேணாம்" என்கிறார். அவருடைய மகள் ஒன்பதாவது. நாளை சாயங்காலம் ஷிஃப்ட் விடும்போது விண்ணப்பத்தோடு அவரைப் போய்ப் பார்க்கப் போகிறேன்.

உங்களிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பும் என்னோடுதான் வரும். கேட்டிருந்தால், "வுடுங்க டீச்சர்" என்றிருப்பீர்கள். அதை ஒரு தடவையாவது உங்கள் வாயால் கேட்டிருக்கலாம்.