நாலாவது வரி

புரட்டாசி 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மூட்டு வலித் தைலம் தீர்ந்தது.

பேத்தி நிவேதா போனைக் கொடுத்தாள். சின்ன பனியன் கம்பெனிகளில் யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்று பதிகிற ஆப். இவளும் சேர்த்துப் பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, காசு வாங்காமல் சும்மாவே செய்து கொடுக்கிறார்களாம். அதை எப்படி நடத்துவது என்று எழுதிய பக்கத்தை நான் படித்துப் பார்க்க வேண்டும். அஞ்சாவதோடு நின்ற நான். ஆனால் பனியன் கம்பெனியில் இருபது வருஷம் செக்கிங், தைத்ததில் பழுது பார்க்கிற வேலை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்றாவது வரி: ‘அனுப்பு’ பட்டனை அமுக்கவும். அமுக்கினேன். நாலாவது வரி: அமுக்கும் முன் எண்ணிக்கை சரிதானா என்று பார்க்கவும். 12 போட வேண்டிய இடத்தில் 21 போய்விட்டது. நல்லவேளை, ஒத்திகைதான்.

"கண்ணு, இது ரிஜெக்ட். எழுதுனவரு கம்பெனி வாசலையே பார்த்ததில்லைன்னு போடு."

பக்கத்துக்குக் கீழே சொன்னபடியே போட்டாள்.

செவ்வாய்

வெயில். எழுதியவர் பெயர் அருள். சாத்தூர்ப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். நிவேதாவே அவரைப் பார்த்ததில்லையாம். முகம் பார்க்காமல் எப்படிச் சேர்ந்து வேலை? யார் மேஸ்திரி? கேட்டுக்கொண்டே இருந்தேன், சிரிக்கிறாள்.

வாங்க: தைலம், து. பருப்பு, பேன் சீப்பு.

புதன்

பக்கத்தைக் காணோம். அவரே எடுத்துவிட்டார். ‘இதற்கு நான் தகுந்த ஆள் இல்லை’ என்று ஒரே வரி.

தமிழில் எழுத அவர் ஒருத்தர்தானாம். அவர் போனால் இங்கிலீஷ் பக்கம் மட்டுந்தான். தையல் பிள்ளைகள் அதை வைத்து என்ன செய்வார்கள்?

நிவேதா சோறு உண்ணவில்லை. "நானாவது மாத்திப் போட்டிருக்கோணும் அம்மாயி" என்றாள். சொன்னது என் வாய்.

கம்பெனியில் ரிஜெக்ட் என்று தூக்கிப் போடுவேன். தைத்தவள் முணுமுணுத்துக்கொண்டே தையலைப் பிரிப்பாள். பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் ஒன்றாக டீ. இவருக்கு என் முகமும் தெரியாது. டீயும் கிடையாது.

வியாழன்

வாத்தியாருக்கு நானே சொல்லச் சொல்ல நிவேதா போனில் அடித்தாள்.

"ஐயா, நானுங்க அஞ்சாவதுதான். விரல் வெச்சு ஒவ்வொரு வரியாப் படிப்பேனுங்க. மூணாவது வரியில அமுக்கிப் போட்டு அப்புறந்தான் நாலாவதப் பார்த்தேன். அது முன்னால இருந்தா எனக்கு ஆகுமுங்க. அன்னிக்குப் பேசுனது என் தப்புங்க."

கடைசி வரியில், போனில் சிவப்பு எழுத்து வந்தால் சூப்பர்வைசரிடம் காட்டவும் என்று எழுதியிருந்தார். அது எதற்கு, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றும் சேர்க்கச் சொன்னேன்.

வெள்ளி

மழை. பதில் இல்லை. மூன்று தடவை பார்க்கச் சொன்னதற்கு, "மாப்பிள்ளை ஊட்டுச் சேதியா அம்மாயி?" என்று கேலி.

சனி

பக்கம் வந்துவிட்டது! வரியை மாற்றி வைத்திருக்கிறார். கீழே எனக்கென்று எழுதியது:

"அம்மா, நீங்க அமுக்குனதைச் சொன்னப்புறந்தான் எனக்கு விளங்குச்சு. கடைசி வரி மட்டும் இருக்கட்டுமா? புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைக யாரைக் கேக்கன்னு தெரியாம நிக்குமே."

இரண்டு தடவை படித்தேன். நான் எனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் தெரிந்தது என்று சொல்லிவிட்டேன். எழுதியவர் அவர், வைத்துக்கொள்ள என்னைக் கேட்க வேண்டியதில்லை. கேட்டிருக்கிறார்.

என்ன போட என்றாள் நிவேதா.

"இருக்கட்டுங்கன்னு போடு."