சுவரோரம் இருபதடி

பாய், இன்று மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியதும் கொரோனாக் காலத்துத் தெரு நினைவுக்கு வந்தது. பக்கத்து மாடியில் கைலியோடு நின்ற நீங்களும் வந்துவிட்டீர்கள்.

ஊரடங்கு போட்டு கிரிவலத்தையும் நிறுத்தியிருந்த மாதங்கள் அவை. பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றியவன் நான். செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்களுக்கு விட்டிருந்த என் மூன்று அறைகளும் காலி. குளிக்காமல் கட்டிலிலேயே கிடந்தேன். வாயைத் திறந்தாலே மனைவி மேல் எரிந்து விழுந்தேன். எழுந்து என்ன ஆகப்போகிறது என்றுதான் தோன்றியது. ஒரு பௌர்ணமி மாலை, காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு வந்தவனை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள்.

"இன்னா சார், மலை எங்கயாவது ஓடிப்போச்சா? வெளிய விடலன்னா அந்த டேங்க்கைச் சுத்துங்க. நானும் இங்க சுத்தறேன்."

பல நாள் கழித்துச் சிரித்தேன். தொட்டியை வலப்பக்கம் வைத்து நடந்தேன். நீங்களோ உங்கள் தொட்டியை இடப்பக்கம் வைத்துச் சுற்றினீர்கள். "பாய், தப்பா சுத்தறீங்க" என்று பெரிய மேதாவி மாதிரி திருத்தப் போனேன்.

"காபாவை இப்படித்தான் சார் சுத்துவாங்க. இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போக முடியல, இங்கயே பழகிக்கறேன். உங்க மாதிரியே நானும் சுத்துனா சுவர்கிட்ட எதிரும் புதிருமா போயிடுவோம். இப்ப பாருங்க, சேர்ந்தே நடக்கறோம்."

உண்மைதான். நடுச்சுவருக்கு இருபுறமும், ஒவ்வொரு சுற்றிலும் இருபதடி ஒன்றாக நடந்தோம். உங்கள் முட்டிவலிக்காக நான் சுவர் மூலையில் காத்திருப்பேன். பயம், தூக்கம் வராதது எல்லாம் அந்த இருபதடியில்தான் பேசினோம். நின்று கதையளந்தால், "பேச்சு ஜாஸ்தி, நடை கம்மி" என்பீர்கள். ஒரே மாதத்தில் நான் பழைய ஆளானேன்.

இரண்டாம் அலையில் உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது மாடியில் நின்றிருந்தேன். அண்ணாந்து பார்த்து, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டீர்கள். அப்புறம் நீங்கள் வீடு திரும்பவில்லை. உங்களுக்குத் தோள் கொடுக்கக்கூட விடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. மறுபடி கட்டிலில் விழுந்திருப்பேன். நீங்கள் போட்ட வட்டம்தான் விடவில்லை. செய்தி வந்த அன்று மாலையே, அழுதுகொண்டே தொட்டியைச் சுற்றினேன்.

இப்போது அறைகள் நிறைந்துவிட்டன. பௌர்ணமிக்கு மலையைச் சுற்றுகிறேன், கூட்டம் தாங்கவில்லை. மனம் சோர்ந்தால் கட்டிலைத் தேடுவதில்லை, மாடிக்குத்தான் போகிறேன். நன்றாக இருக்கிறேன் பாய். சுவர் மூலைக்கு வந்ததும் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். முட்டிவலிக்காரர், மெதுவாகத்தானே வருவீர்கள்.