நாற்பது கிணற்றுக் கயிறுகள்

மக்கா,

காலையில் பத்திரிகையை விரித்தேன். உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. நாட்டின் வருமானத்தைச் சொல்லும்போது காடும் மண்ணும் நீரும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் கூடவே அளந்து சொல்லப் போகிறார்களாம். படித்து முடிக்கும் முன்பே எழுந்து நின்றுவிட்டேன். உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீ போய் நான்கு வருடமாகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பஞ்சாயத்துகள் தங்கள் திட்டத்தைத் தாங்களே போடலாம் என்று கேரள அரசு சொல்லியிருந்த நேரம். நீ நெய்யாற்றின்கரையில் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்தாய். எந்த வயலில் எவ்வளவு விளைந்தது என்று அளந்து எழுதுவது உன் தொழில். நான் தனுவச்சபுரத்தில் ஒரு டியூட்டோரியலில் கணக்கு டீச்சர். பாறசாலைக்குப் பக்கத்தில் நம் வார்டின் வளர்ச்சி அறிக்கையை எழுதும் பொறுப்பை நம் இருவரிடமும் கொடுத்தார்கள். எண்ணியது தமிழில், எழுதியது மலையாளத்தில்.

நெல் குறைந்திருந்தது. மரச்சீனிக் கிழங்கும் வாழையும் அப்படியே. செங்கல் மட்டும் எகிறியிருந்தது. ஏலா என்று நாம் சொல்லும் அந்தத் தாழ்ந்த வயல்வெளியில் மண்ணைத் தோண்டித் தோண்டிச் சூளைகளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செங்கலால் வருமானத்தில் நம் வார்டு பஞ்சாயத்திலேயே முன்னால் நின்றது. லாரி இறங்க ஏலாவுக்குள் ஒரு ரோடும் போட்டுத் தரவேண்டும் என்று சூளை முதலாளி கேட்டிருந்தார். நான் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நீ பேனாவை மூடி வைத்தாய்.

"மக்கா, செங்கல் கூடுனத எழுதியாச்சு. மண்ணு கொறஞ்சத எங்க எழுதுவ?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லியே."

"அப்பம் நாம போடுவோம்."

பள்ளங்களை அளப்பது எளிதாக இருந்தது. டேப்பின் ஒரு முனையை நீ பிடித்துக்கொண்டு இறங்குவாய், மறுமுனையோடு நான் வரப்பில் நிற்பேன். தண்ணீர்தான் சிக்கல். கிணறு கீழே போய்விட்டது என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. முன்பு எங்கே நின்றது என்று யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. ஒரு வாரம் அலைந்து, சரசம்மா அக்காவின் முற்றத்தில் களைத்து உட்கார்ந்தோம். அவர் சூளையில் செங்கல் அறுக்கிறவர். நமக்குக் குடிக்கத் தருவதற்காகக் கிணற்றில் வாளியை விட்டார்.

கயிறு மேலே வந்துகொண்டிருந்தது. முதலில் நீல நைலான், ஒரு முடிச்சு, பிறகு சற்றுப் பழைய கயிறு, இன்னொரு முடிச்சு, பிறகு கறுத்துப்போன பழைய கயிறு. நீ துள்ளி எழுந்தாய்.

"அக்கா, இதெல்லாம் எப்பம் கெட்டுனது?"

"நீலம் போன மேட மாசத்து வேனல்ல. மத்தது மோளுக்கக் கல்யாணத்துக்கு முந்துன வருசம்."

"வாளி வெள்ளத்துக்கு எட்டாம ஆனப்பமா?"

"பின்னே அலங்காரத்துக்கா?"

நீ என் தோளைப் பிடித்து உலுக்கியதில் தம்ளர் உருண்டது. "ஏட்டீ, நாம தேடுன கணக்கு முழுக்கக் கயித்துல கெடக்கு!" என்று கத்தினாய். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து நாம் நடக்கவில்லை, ஓடினோம். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு வருடம் இருந்தது. ஒன்று பிள்ளை பிறந்த வருடம், ஒன்று மகன் பத்தாம் வகுப்பில் தோற்ற வருடம். பள்ளங்களுக்குத் தள்ளியிருந்த வீடுகளில் முடிச்சே இல்லாத கயிறுகளைப் பார்த்து நான் எழுதாமல் திரும்பியபோது, "அதயும் எழுது, முடிச்சு இல்லாததுதான் நமக்குச் சாட்சி" என்றாய். பள்ளங்களை நெருங்க நெருங்க முடிச்சுகள் கூடின. உன் வீட்டுத் தரையில் வரைபடத்தை விரித்து வண்ணம் தீட்டினோம். அப்போதுதான் தெரிந்தது, சரசம்மா அக்காவின் கிணற்றை ஒட்டியிருந்த ஆழமான பள்ளம் உங்கள் குடும்ப வயல். உன் அண்ணன்தான் அதை மண்ணெடுக்கக் கொடுத்திருந்தார்.

"இத விட்டிரலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

நீ அந்தப் பள்ளத்துக்கும் வண்ணம் தீட்டினாய். "நமக்க வயல விட்டா, மத்தவியளுக்க வயல அளக்க எனக்கு என்ன காரியம் உண்டு?" என்றாய்.

சரசம்மா அக்கா நம்மைச் சும்மா விடவில்லை. "சூளை நின்னா எனக்கு வேலை போவும். அதயும் எழுதுவியளா?" என்று கேட்டார். சூளைகளில் எத்தனை பேருக்கு வேலை என்பதையும் பள்ளங்களையும் கிணறுகளையும் எழுதிய அதே பக்கத்தில் எழுதினாய். "ரெண்டும் ஒரே பேப்பர்ல இருக்கணும் அக்கா. அதுக்காக்கும் இந்தப் பாடு."

கிராமசபை பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. வருமானம் இருந்த முதல் பக்கத்தை நீ வாசித்தபோது கைதட்டினார்கள். பள்ளக் கணக்கு இருந்த இரண்டாம் பக்கத்தில் முதலாவதாக வந்தது உங்கள் வயல். உன் அண்ணன் எழுந்துவிட்டார்.

"ஏட்டீ, ஊருக்கு முன்னால என்னத்தான் நிறுத்தணுமா?"

"நம்மள விட்டுட்டு எண்ண முடியாது அண்ணே." நீ அவரைப் பார்த்தே சொன்னாய். அவர் யாரையும் பார்க்காமல் வெளியேறினார். உன் கையைப் பிடித்தேன்.

சூளை முதலாளி நிதானமாகத்தான் கேட்டார். "கயித்தப் பாத்தா கணக்கு? கயிறு பிஞ்சா ஆரும் கெட்டத்தான் செய்வாவ."

பின்வரிசையில் சரசம்மா அக்கா எழுந்தார். "பிஞ்சத கெட்டுனா கயிறு நீளாது மொதலாளி, குறுகும். எனக்கது நீண்டிட்டுல்லா இருக்கு?" ஹாலில் சிரிப்பு வெடித்தது. அவர் வீட்டுக்கு ஓடிப்போய்க் கயிற்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். நாற்பது கயிறுகள், சில இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டு, ஹால் தரையில் பக்கம் பக்கமாக நீண்டன. தள்ளியிருந்த வீட்டுக் கயிறுகள் பாதி ஹாலிலேயே முடிந்தன. ஏலாவை ஒட்டிய வீட்டுக் கயிறுகள் வாசற்படியைத் தாண்டி வராந்தாவில் கிடந்தன. நீ சிரித்துக்கொண்டே அழுதாய். முதலாளியும் குனிந்து ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

ரோடு போடும் யோசனை திட்டத்திலிருந்து விழுந்தது. தோண்டும் ஆழத்துக்கு ஒரு வரம்பு வந்தது. சூளைகள் நிற்கவில்லை, சரசம்மா அக்காவின் வேலையும் போகவில்லை. ஆனால் மேலே அனுப்பிய அறிக்கையிலிருந்து நம் இரண்டாம் பக்கத்தை மட்டும் கழற்றித் திருப்பி அனுப்பினார்கள், படிவத்தில் அப்படியொரு பக்கம் இல்லையென்று. நீ குண்டூசி குத்தி மறுபடியும் அனுப்பினாய். அது திரும்பி வந்தது. மூன்றாவது தடவை அனுப்பியது திரும்பி வரவில்லை. "எங்கயோ ஒரு பீரோவுல நமக்க கெணறுவ கெடக்கு" என்று சொல்லிச் சிரித்தாய்.

உன் அண்ணன் ஓணம் வரை உன்னோடு பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ போன பதினாறாம் நாள் அவர் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு கட்டு டைரிகளைத் தந்தார். கிராமசபை நடந்த மறுவருடம் தொடங்கி, ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வீட்டுக் கிணற்றின் தண்ணீர் மட்டத்தை எழுதியிருக்கிறார். ஒரு மாதம்கூட விடவில்லை.

"அவகிட்ட காட்டலியா?" என்று கேட்டேன்.

"காட்டுனா ஜெயிச்சிட்டேன்னு சிரிப்பா." பிறகு, "சிரிச்சிருக்கலாம்" என்றார்.

அவருக்கு இப்போது குனிய முடியவில்லை. அதனால் ஒன்றாம் தேதிகளில் நான் போகிறேன். இந்த மாதம் மழை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அளந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவர், "எவ்வளவு டீச்சரே?" என்று கூவினார். போன வருடம் இதே நாளைவிடத் தண்ணீர் ஒரு முழம் மேலே. சொன்னதும் நம்பவில்லை. இன்னொரு தடவை அளக்கச் சொன்னார்.

அளந்தேன் மக்கா. ஒரு முழம் மேலேதான்.