பஸ்காரி பார்க்காத படம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே சுகம்தான், என் இடது கை வீக்கம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் சுகம், மாப்பிள்ளை சுகம், குட்டிக்குப் பல் முளைத்ததா என்பதெல்லாம் விவரமாக எழுது. அப்பா பால்கனிக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று கிளம்பி, கீழ்வீட்டுக்காரரைக் குளிப்பாட்டிவிட்டு, இப்போது அவருக்குப் பயந்து மாடிப்படியில் பூனை மாதிரி இறங்குகிறார்.

எங்கள் இணையப் பக்கம் அந்த நாட்டில் உனக்குத் திறக்கிறதா என்று போனில் கேட்டேன், திறக்குதே, ஏம்மா அந்தப் படத்தைப் போட்டே என்று கேட்டாய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். மார்பை எடுத்த பிறகு நாங்கள் சில பெண்கள் சேர்ந்து இணையத்தில் அந்தப் பக்கத்தை நடத்திவந்தோம் அல்லவா, அதில் யாரும் சொந்தப் பேரோ போன் நம்பரோ தரக்கூடாது, கூச்சமில்லாமல் பேசவேண்டும் என்று சட்டம் போட்டவளே நான்தான். அங்கே எனக்கு உன் அப்பா வைத்த பேர் சிடுமூஞ்சி. அங்கே பஸ்காரி என்று ஒருத்தி வருவாள், இதே ஊரில் பஸ் கண்டக்டர். மார்பில் கட்டி, உடனே எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியும் மாட்டேன் என்று அடம். எடுத்தப்புறம் எப்படி இருக்கும்னு ஒருத்தரும் காட்டமாட்டேங்கறீங்க, நீங்க காட்டுங்கக்கா, மறுநாளே போய்ப் படுத்துக்கறேன் என்று எழுதினாள். யோசித்து யோசித்து, கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று ரவிக்கையைக் கழற்றினேன். அப்பா எடுத்த முதல் படத்தில் அவர் கட்டைவிரல்தான் விழுந்தது. கல்யாணப் படத்துலகூட நீ இப்படிச் சிரிக்கலையே என்றார்.

படத்தைப் போட்ட அன்று சாயங்காலமே பக்கம் இங்கே காணாமல் போய்விட்டது. பிள்ளைகள் கண்ணில் ஆபாசம் படாமல் காக்கிறோம் என்று ஒரு சங்கம் இருக்கிறது, அவர்கள் கைகாட்டும் பக்கத்தை எல்லா நெட் கம்பெனிகளும் அடைத்துவிடுமாம். நல்லவர்கள்தான், நீ சின்னவளாக இருந்தபோது நானே அவர்களை வாழ்த்தியிருக்கிறேன். ஆனால் ஆபாசம் என்று சொல்ல என்னிடம் என்னடி மிச்சம் இருக்கிறது, ஒரு தையல் கோடு. சங்கத்துக்குப் போன் செய்தால் அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள், எதை அடைச்சோம்னு வெளியே சொல்லக்கூடாதும்மா, கம்பெனியைக் கேளுங்க என்றாள். கம்பெனியில் சங்கத்தைக் கேளுங்க என்கிறார்கள். அடைத்ததாகக்கூட யாருக்கும் தெரியாது, இப்படி ஒரு பக்கமே இல்லை என்றுதான் வருகிறது. அதுதான் என்னை அரிக்கிறது. படத்தைக் கேட்டதும் பயந்து கடையை மூடிட்டு ஓடிட்டா சிடுமூஞ்சி என்றுதானே பஸ்காரி நினைத்திருப்பாள்? அப்பா வேறொரு பக்கம் திறந்துகொடுத்தார். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை, அங்கே இருக்கிறோம் என்று அவளிடம் போய்ச் சொல்வது யார்.

இப்போதெல்லாம் வேலை இல்லாமலே பஸ் ஏறுகிறேன். போன வாரம் ஒரு கண்டக்டர் பெண் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியவள் முகம் சுளித்து இறக்கிக்கொண்டாள். பஸ்காரி இவளோ என்று நினைத்தேன். சிடுமூஞ்சின்னு யாரையாவது தெரியுமாம்மா என்று மெல்லக் கேட்டேன். யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க, உள்ளே தள்ளி நில்லுங்க என்று எரிந்து விழுந்தாள். அவளா இல்லையா தெரியவில்லை. மறுபடி கேட்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

படத்துக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை என்று சொன்னாய். இங்கே திறக்காத பக்கத்தில் அவள் எப்படி எழுதுவாள், அது தெரியாதவளா நான். இருந்தாலும் தினம் ஒருதரம் பார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்கவேண்டும். ஒன்று மறக்காதே, குளிக்கும்போது கையால் தடவிப் பார்த்துக்கொள். ஏதாவது தட்டுப்பட்டால் யாராவது காட்டட்டும் என்று காத்திருக்காதே. உனக்காவது என் படம் திறக்கிறது.

உன் அம்மா