ஆயிரத்தில் எட்டுப் பேர்

திருவண்ணாமலை
14-2-1976

அன்பான அஸ்மத்துக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகத்துக்கும் ஒரு படி மேலே இருக்கிறேன். அதனால்தான் இன்லண்ட் லெட்டர் போதாமல் கவர் வாங்கினேன்.

மாதவிலக்கு நின்றதிலிருந்து நான் பட்ட பாட்டைப் போன வருஷமே எழுதினேன். நாளைக்குப் பத்துத் தடவை நெஞ்சிலிருந்து தலைக்கு அனல் ஏறும். போர்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ரவிக்கை நனைந்துவிடும். தூக்கம் கிடையாது. கோபம் மட்டும் மூக்கு நுனியில். தீபாவளிக்கு முன்னால் ஒரு பெண் வகுப்பில் சிரித்தாள் என்று டஸ்டரைத் தூக்கி எறிந்தேன். காதோரம் பட்டது. அவள் அம்மா பச்சையம்மாள், தேரடியில் பூ விற்கிறவள், மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். சண்டை போடுவாள் என்று பார்த்தால், "இன்னா டீச்சர், ஒடம்புக்கு முடிலியா?" என்று கேட்டாள். அதற்கு அவள் என்னை அறைந்திருக்கலாம். அன்றைக்கே ராஜினாமா கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவர்தான் மெட்ராஸுக்கு அழைத்துப் போனார். ஒரு லேடி டாக்டர், "உடம்பில் பெண்களுக்கான ஹார்மோன் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்" என்று தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றே வாரம், அஸ்மத்! அனல் போன இடம் தெரியவில்லை. இரவு படுத்தால் விடிந்துதான் எழுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு ஜியாமெட்ரியை இரண்டாம் தடவை நடத்தி முடித்துவிட்டேன். ராஜினாமாவைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று.

இருபது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறாயே, இப்படி ஒன்று இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

உன்
வேதா


வேலூர்
3-4-1976

வேதாவுக்கு,

ஆண்டவன் உன்னை நல்லபடி வைக்கட்டும். நீ தூங்குகிறாய் என்று படித்து மனம் நிறைந்தது. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை. தெரியாமல் எழுதக்கூடாது என்று இருந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் அமெரிக்க வைத்தியப் பத்திரிகையில் நீ சாப்பிடும் மாத்திரையைப் பற்றிக் கட்டுரை வந்திருக்கிறது. எனக்குப் பாதிதான் புரிந்தது. டாக்டரம்மாவை இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாதவிலக்கு நின்ற பெண்களில் வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒருத்திக்குக் கர்ப்பப்பைக்குள் புற்றுநோய் வருகிறதாம். இந்த மாத்திரையை நாள்பட எடுப்பவர்களில் அது நாலு முதல் எட்டுப் பேர் வரை. இது அந்த ஊர்ப் பெண்களை வைத்துப் போட்ட கணக்கு. நம் பக்கத்துப் பெண்களை இதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நிறுத்து என்று சொல்ல நான் டாக்டரும் இல்லை. மெட்ராஸ் டாக்டரிடம் இதைக் கேள். அளவைக் குறைக்க முடியுமா, எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்று கேள். ஒன்றை மட்டும் என் பேரில் ஆணையாக வைத்துக்கொள். ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அன்றைக்கே பஸ் ஏறி என்னிடம் வா.

அன்புடன்
அஸ்மத்


திருவண்ணாமலை
11-4-1976

அஸ்மத்,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் இப்படியா பதில் வரும்? கல்யாணப் பந்தலில் ஒப்பாரி வைக்கிற மாதிரி!

நீ கணக்கில் எப்போதும் என்னைப் பார்த்து எழுதினவள். ஆயிரத்தில் எட்டு என்றால் மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. நான் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மெட்ராஸுக்குப் போகவர இரண்டு நாள் லீவு யார் கொடுப்பார்கள்? அமெரிக்காக்காரி என்ன சாப்பிடுகிறாளோ, எப்படி வாழ்கிறாளோ! மாத்திரை இல்லாமல் நான் இருந்த இருப்பை நீ பார்க்கவில்லை. அந்த டஸ்டர் பட்ட காதை நான் பார்த்தேன். இதை நிறுத்தினால் நான் பள்ளிக்கூடத்தையும் நிறுத்த வேண்டியதுதான்.

இனிமேல் என் உடம்பைப் பற்றி எழுதாதே. மற்றது என்ன வேண்டுமானாலும் எழுது.

வேதா


திருவண்ணாமலை
16-11-1976

அன்பான அஸ்மத்துக்கு,

ஏழு மாதம் ஆயிற்று. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. என் வாய்க்கொழுப்பை நீ அறியாதவளா? அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

தீபம் வருகிறது. என் நாத்தனார் ரேணுகாம்பாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து முழுக் குடும்பத்தோடும் வருகிறாள். அவள் மருமகள் வள்ளிக்குச் சரியாகத் தீபத்தன்று நாள் வருகிறதாம். "டீச்சரம்மா சிநேகிதி வருஷா வருஷம் குடுப்பாங்களே, அந்த மாத்திர வாங்கிக் குடுங்க" என்று ஆள் விட்டிருக்கிறாள். தள்ளிப்போடும் மாத்திரைதான். இரண்டு அட்டை அனுப்பு.

உன்
வேதா


வேலூர்
22-11-1976

வேதாவுக்கு,

அண்ணன் அன்வர் பாஷா சரக்கு வாங்க வந்தார். அவர் கையில் இரண்டு அட்டை கொடுத்தனுப்புகிறேன். வள்ளியை நாளுக்கு மூன்று நாள் முன்னாலிருந்து எடுக்கச் சொல். விட்டதும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், பயப்பட வேண்டாம் என்று சொல்.

நீ எழுதியதே போதும். எனக்கு உன்மேல் கோபம் வந்ததில்லை.

அஸ்மத்


திருவண்ணாமலை
8-1-1977

அஸ்மத்,

இதை யாரிடமும் காட்டாதே. படித்துவிட்டுத் திட்டு, ஆனால் உடனே பதில் போடு.

தீபத்துக்கு ஐந்து நாள் முன்னால் எனக்கு உதிரம் பட்டது. நின்று இரண்டு வருஷத்துக்குப் பிறகு. உண்மையைச் சொல்கிறேன், முதலில் சந்தோஷப்பட்டேன். வயசு திரும்பிவிட்டது என்று கண்ணாடியில் கூடப் பார்த்துக்கொண்டேன், புத்தி கெட்டவள். பிறகுதான் வீட்டைப் பார்த்தேன். ரேணுகாம்பாள் கூட்டம் பதினோரு பேர் வந்து இறங்கியாயிற்று. தூரம் என்று நான் ஒதுங்கி உட்கார்ந்தால் யார் விளக்கேற்றுவது, யார் பொங்குவது? இந்த வயசில் என்று ஊர் என்ன பேசும்? நீ அனுப்பிய இரண்டு அட்டையில் வள்ளிக்கு ஒன்றுதான் கொடுத்தேன். இன்னொன்று என்னிடம் இருந்தது.

இரண்டே நாளில் நின்றது. மலைமேல் தீபம் ஏறியபோது மாடியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். மாத்திரையை விட்டதும் மறுபடி வந்தது, முன்னைவிட ஜாஸ்தி. மிச்சம் இருந்ததை விழுங்கி அதையும் நிறுத்தினேன். இப்போது ஒன்பது நாளாக நிற்கவில்லை. தலை சுற்றுகிறது. பெட்டியைத் திறந்து ஏப்ரலில் நீ எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். "வருஷத்துக்கு" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறாய். எட்டு என்பது ஒவ்வொரு வருஷமும் எட்டு. அந்த வார்த்தையைத் தாண்டிப் போய்த்தான் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதியிருக்கிறேன். என் பிள்ளைகள் இப்படிப் போட்டால் முட்டை போடுவேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

வேதா


வேலூர்
10-1-1977

வேதா,

அண்ணன் கையில் இதை அனுப்புகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏறு. பொங்கல் முடியட்டும் என்று சொல்லாதே. பொங்கல் வருஷா வருஷம் வரும். மெட்ராஸ் மாத்திரைப் புட்டி, நான் அனுப்பிய அட்டை, இரண்டையும் கொண்டு வா. நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பத்து வருஷமாக நம் ஊர்ப் பெண்கள் தீபத்துக்குக் கேட்கிறார்கள், நானும் வெற்றிலை பாக்கு மாதிரி அனுப்புகிறேன். யாருக்கு, என்ன வயசு, வேறு என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? உதிரம் பட்டால் வா என்று எழுதியதும் நான். அதை மறைக்க மருந்து கொடுத்ததும் நான். டாக்டரம்மாவிடம் இதை நானே சொல்லப்போகிறேன்.

பயப்படாதே. நான் இருக்கிறேன்.

அஸ்மத்


திருவண்ணாமலை
19-6-1977

என் அன்பு அஸ்மத்துக்கு,

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆயிற்று. ஆபரேஷன் காயம் நன்றாக ஆறிவிட்டது. படியேறினால் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது.

அங்கே இருந்த ஒன்றரை மாதத்தில் உன்னிடம் சொல்ல வாய் வராததை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு டாக்டரம்மா அட்டையைத் தூக்கிக் காட்டி, "இதை யார் கொடுத்தது?" என்று சத்தம் போட்டபோது, நான் பொய் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நீ முந்திக்கொண்டு, "நான்தான் டாக்டர். யாருக்குன்னு கேக்காம குடுத்துட்டேன். தப்பு என்னுது" என்றாய். நாலு சின்ன நர்ஸுகள் நிற்கிறார்கள், அவர்கள் எதிரில்! உன் குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை. அஸ்மத், நான் இருபத்து நாலு வருஷமாக வாத்தியாராக இருக்கிறேன். போர்டில் தப்பாகப் போட்டால் பிள்ளைகள் பார்ப்பதற்குள் அழித்துவிடுவேன். உன்னைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. என் சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கர்ப்பப்பையைச் சுரண்டி எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை, அதற்கு ஒரு படி முன்னால் என்று வந்ததும் நான் அழுதேன். நீயோ, "ஒரு படி முன்னாலயே புடிச்சிட்டோம்டீ" என்று சொல்லி என் தலையைப் பின்னிவிட்டாய். கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. அந்தக் கவலை விட்டது.

ஆனால் அனல் திரும்பிவிட்டது. முன்னைவிட மோசம். முந்தாநாள் வகுப்பில் கை டஸ்டர் பக்கம் போனது. பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியாகப் பார்த்தபோது டாக்டரம்மா, "கர்ப்பப்பை இல்லாததால் இப்போது அந்த மாத்திரையைக் குறைந்த அளவில் எடுக்கலாம், ஆனால் மார்பில் புற்றுநோய் வருமா என்பது இன்னும் தெளிவாகவில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். அன்றிலிருந்து யோசிக்கிறேன். எடுத்தாலும் பயம், எடுக்காவிட்டால் வேலை போகும்.

நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்? சுற்றி வளைக்காமல் சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

உன்
வேதா


வேலூர்
2-7-1977

வேதாவுக்கு,

அத்தனை புகழாதே. தப்பை ஒத்துக்கொண்டதற்கு யாராவது மாலை போடுவார்களா? இந்தத் தீபத்துக்கு யார் கேட்டாலும் முதலில் பத்துக் கேள்வி கேட்பேன், அவ்வளவுதான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் உன் இடத்தில்தான் இருக்கிறேன் வேதா, மூன்று வருஷமாக. வார்டில் ஊசி போடும்போது கையுறைக்குள் வியர்வை சொட்டும். ஒரே டியூட்டியில் இரண்டு தடவை யூனிபார்ம் மாற்றுவேன். அந்த மாத்திரை எங்கள் மருந்தறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பத்திரிகையை நான் முதலில் தேடியது எனக்காகத்தான்.

நான் எடுக்கவில்லை. எங்கள் அம்மா நாற்பத்தொரு வயசில் மார்புக் கட்டியில் போனது உனக்குத் தெரியும். சாவு வீட்டில் என் பக்கத்தில் நீதான் உட்கார்ந்திருந்தாய். இந்த மாத்திரையால் மார்பில் புற்றுநோய் வருமா என்பதற்கு இன்றைக்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை. ஒரு கட்டுரை பத்து வருஷத்துக்குமேல் எடுத்தால் கொஞ்சம் கூடுகிறது என்கிறது, வேறு சிலர் இல்லை என்கிறார்கள். தெரியாத ஒன்றின்மேல் என் அம்மாவின் மகள் கை வைக்க முடியாது.

உன் கணக்கு வேறு. உன் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. உன் வீட்டில் யாருக்கும் மார்பில் நோய் கிடையாது. கர்ப்பப்பை பயமும் இப்போது உனக்கு இல்லை. உனக்கு நாற்பது பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அதனால் இந்தத் தடவை என் விடையைப் பார்த்து எழுதாதே. எடுப்பதானால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்னிடம் வா. மார்பை எப்படித் தடவிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுக்கிறேன். எடுக்காவிட்டால் அனலைச் சமாளிக்க எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எதைச் செய்தாலும் நான் உன் பக்கம்தான்.

அஸ்மத்


திருவண்ணாமலை
7-7-1977

என் அஸ்மத்துக்கு,

முடிவு செய்துவிட்டேன். குறைந்த அளவில் எடுக்கிறேன், இரண்டு வருஷம். கோடை லீவில் நிறுத்திப் பார்ப்பேன். அனல் தணிந்திருந்தால் அத்தோடு சரி. போன தடவை பயத்தை மூடி வைத்துக்கொண்டு எடுத்தேன். இந்தத் தடவை உனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவும் தெரிந்துகொண்டு எடுக்கிறேன். மெட்ராஸ் புட்டியைத் தூர எறிந்துவிட்டு டாக்டரம்மாவுக்கு எழுதிவிட்டேன். வீட்டில் அவருக்கும் இதுதான் சரி என்று படுகிறது.

என் சங்கதி இவ்வளவுதான்.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "மூன்று வருஷமாக" என்ற இடத்தில் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். நான் வார்டில் படுத்திருந்தபோது நீ எனக்கு விசிறினாய். ஒன்றரை மாதம்! உன் நெற்றி வியர்த்திருந்ததை நான் பார்த்தேன். வார்டுப் புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். என் அனலைப் பற்றி உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். உனக்கும் என் வயசுதான் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஒரு நாள்கூடத் தொடாமல், அதைச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டவளுக்கு, "மனம் நிறைந்தது" என்று பதில் எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த மனசு வராதடீ. நிஜமாக வராது.

பதில் எழுதாதே, எழுதினால் மறுபடி என்னைத்தான் விசாரிப்பாய். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உன் எதிரில் உட்கார்ந்து, "நீ எப்பிடிடீ இருக்கே?" என்று கேட்கப்போகிறேன். நிதானமாகச் சொல். திங்கட்கிழமைக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன்
வேதா